காப்பிக்கு முன் கொடுத்த வழி

எங்கள் ஆலிவ் தோப்புக்கு ரோட்டைப் பார்த்த பக்கம் கிடையாது. மேலே பாறை, கீழே ஓடை, இரண்டு பக்கமும் அடுத்தவர் நிலம். அஜ்லூன் மலையில் பாதி நிலங்கள் இப்படித்தான். ஒரே துண்டாக இருந்ததைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது முன்துண்டு கிடைத்தவனுக்கு ரோடு அமைந்துவிடும். பின்துண்டுக்காரன் முன்துண்டைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் முன்துண்டின் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவைப்பார்கள்: இந்த நிலத்தின் ஓரமாக, நான்கு மீட்டர் அகலத்துக்கு, பின்துண்டுக்காரர் கடக்க உரிமை உண்டு.

இதில் பலர் குழம்புவார்கள். வழி எங்களுடையது என்றால் மண் எங்களுடையது என்று அர்த்தமில்லை. மண் முன்துண்டுக்காரரான அபூ நாயிஃப் மாமாவுடையது. அதைக் கடப்பது மட்டும்தான் எங்களுடையது. நாங்கள் அதில் வண்டியை ஓட்டலாம், நிறுத்திவைக்கக் கூடாது. அவர் ஓரத்தில் மாதுளை வைக்கலாம், ஆடு மேய்க்கலாம், கதவுகூடப் போடலாம், சாவி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தால் போதும். ஆனால் அகலத்தைக் குறைக்கக் கூடாது. இந்த உரிமை ஆளோடு ஒட்டியதும் அல்ல, தோப்போடு ஒட்டியது. தோப்பை விற்றால் வாங்குகிறவனுக்குச் சேர்ந்தே போகும்.

உரிமை யாருக்கோ, பராமரிப்பும் அவருக்கே. அது என் வேலை. மலைச் சரிவில் மண்பாதை போட்டால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தண்ணீர் சக்கரத் தடத்திலேயே இறங்கி, தடத்தை வாய்க்காலாக அறுத்துவிடும். வெறும் மண்ணைப் போட்டு மூடினால் அடுத்த மழையில் அது ஓடையில் இருக்கும். அடியில் கைப்பிடிக்கு அடங்காத கற்கள், மேலே ஜல்லி, அதற்கும் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மண் என்று வரிசையாகப் போட வேண்டும். பாதையை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்த்துவிட வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் குறுக்கே கல் பதித்து தண்ணீர் வெளியேற ஒரு வடிகால் வைத்திருந்தேன். அதைச் செய்ய எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. முதல் முறை வைத்த கோணம் தப்பு.

மாமாவின் மனைவி உம் நாயிஃப் மாமி மாதுளை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அடி கிதாம், இந்த வழியிலயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கயேன். புருஷன் வீட்டுல பொண்ணுங்க கூட்டுறத விட அதிகமா நீ இதக் கூட்டுற."

"புருஷன் இருந்தா அவனக் கூட்டிட்டு வந்து கல் தூக்க விட்டிருப்பேன் மாமி."

"அதான் எவனும் வரல. விஷயம் முன்கூட்டியே பரவிடுச்சு."

பிறகு எழுந்து போய், தேநீரில் சேஜ் மூலிகை இலை போட்டுக் கொண்டுவருவாள். குடித்துவிட்டு அவளும் இரண்டு கல் தூக்கிக் கொடுப்பாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள்.

தோப்பு என் பெயரில் இருந்தது. அது அம்மாவின் தகப்பன் வழிச் சொத்து. எங்கள் பக்கத்தில் பெண்கள் பிறந்த வீட்டுப் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அம்மா எழுதிக் கொடுக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்து என் பெயருக்கு மாற்றினாள். "ஃபலாஹுக்குச் சம்பளம் இருக்கு. இவளுக்கு மரம் இருக்கட்டும்" என்றாள். ஃபலாஹ் என் அண்ணன், ஸர்கா நகரத்தில் இருக்கிறான். பத்திரம் என் பெட்டியில் இருந்தது. ஊர் மட்டும் அதை என் அப்பா அபூ ஃபலாஹின் தோப்பு என்றே சொன்னது. அப்பா காலையில் தடியை ஊன்றிக்கொண்டு போய் மரங்களைச் சுற்றிவருவார், செக்குக்காரனிடம் பேரம் பேசுவார், விருந்தாளிகளுக்கு "என் எண்ணெய்" என்று ஊற்றுவார். நான் திருத்தியதில்லை. அதில் எனக்கு என்ன குறைந்துவிட்டது?

சண்டை தொடங்கியது அறுவடை நேரத்தில். மாமாவின் மகன் நாயிஃபுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் தனி வீடு கேட்டார்கள். வீட்டுக்கும் மாதுளைக்கும் நடுவில் இருந்த இடத்தில் நகராட்சி சொல்லும் இடைவெளி விட்டுக் கட்டினால் இரண்டு அறைகூட வராது. எங்கள் வழியைச் சேர்த்துக்கொண்டால் வரும். நாயிஃப் ஒரு லாரி மணலைக் கொண்டுவந்து வழியின் நடுவே கொட்டினான். பறித்த காய் பெட்டிகளோடு என் பிக்கப் வண்டி தோப்புக்குள் மாட்டிக்கொண்டது. ஆலிவ் காத்திருக்காது. பறித்ததைக் குவித்துவைத்தால் உள்ளே சூடேறி, எண்ணெயில் காறல் ஏறிவிடும். அன்றைக்கே, தவறினால் மறுநாளே செக்குக்குப் போயாக வேண்டும்.

அப்பா போய்ச் சத்தம் போட்டார். நாயிஃப் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மணிக்கட்டு உடைந்தது.

வயதானவரைத் தள்ளுவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் அல்ல. மாமாவின் ஆட்கள் அன்றே மணலை அள்ளி வழியைத் திறந்தார்கள். ஆள் அனுப்பி, நாங்கள் பதிலுக்கு எதுவும் செய்யாமலிருக்கச் சில நாள் தவணை வாங்கினார்கள். தவணை முடிந்ததும் சமாதானத்துக்கு ஜாஹா வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பெரிய மனிதர்களைத் திரட்டி, குற்றம் செய்தவர் பக்கத்திலிருந்து பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குக் கேட்டு வருகிற கூட்டம் அது. தலைமைக்கு ஷேக் மித்காலை அழைத்து வந்தார்கள். அமைச்சர் வீட்டுச் சமாதானத்துக்கும் போனவர். எங்கள் முற்றத்தில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டோம். அண்ணன் ஸர்காவிலிருந்து வந்து அப்பாவின் தோள் மீது மேலங்கியைச் சரிசெய்துவிட்டான். கட்டுப் போட்ட கையை அப்பா அதற்கு வெளியே வைத்துக்கொண்டார்.

ஜாஹா எப்படி நடக்கும் என்றால், தலைவருக்கு முதல் கோப்பைக் காப்பியை ஊற்றுவார்கள். அவர் குடிக்கமாட்டார். முன்னால் கீழே வைத்துவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்பார். வீட்டுக்காரர், "காப்பியைக் குடியுங்க, வந்த காரியம் ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் குடிப்பார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். குடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதை யாரும் திரும்பத் திறப்பதில்லை. பெரும்பாலும் என்ன கேட்கப்போகிறார்கள் என்று இரண்டு பக்கமும் முன்பே பேசிவைத்திருக்கும். எங்கள் வீட்டிலும் பேசித்தான் வைத்திருந்தார்கள்: நாயிஃபுக்கு மன்னிப்பு, மருத்துவச் செலவை அப்பா விட்டுக்கொடுப்பது.

நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஷேக் கோப்பையை வைத்தார். அல்லாஹ்வைப் புகழ்ந்தார், இறந்துபோன என் தாத்தாவைப் புகழ்ந்தார், அப்பாவின் பொறுமையைப் புகழ்ந்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கோம் அபூ ஃபலாஹ். சின்னது இல்ல" என்றார்.

அப்பா அதற்குமேல் பேச விடவில்லை. வாழ்நாளில் அவர் வீட்டுக்கு இத்தனை பெரிய மனிதர்கள் வந்ததில்லை. அவர் நகராட்சித் தண்ணீர்க் குழாய்களில் வால்வு திறந்து மூடிய ஆள்.

"ஷேக், உங்க வாயால நீங்க கேக்கணுமா? காப்பியக் குடிங்க. எதுக்கு வந்தீங்களோ அது கொடுத்தாச்சு."

கூட்டம் வாழ்த்தியது. கேட்பதற்கு முன்பே கொடுப்பது பெரிய மனசு. அண்ணன்கூடத் தலையை நிமிர்த்தினான்.

ஷேக் கோப்பையை எடுக்கவில்லை. நியாயமான மனிதர் அவர், அதை நான் இன்றும் சொல்வேன். "அல்லாஹ் உங்க மதிப்ப உயர்த்தட்டும். ஆனா என்ன கொடுத்தீங்கன்னு கேட்டுட்டே குடிக்கிறேன். பையனுக்கு மன்னிப்பு. அதோட, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சண்டைக்குக் காரணமே அந்த வழிதான். இன்னைக்கு மன்னிப்போம், அடுத்த அறுவடைக்குத் திரும்ப அடிச்சுக்குவோம். அந்த வழிய விட்டுக்கொடுங்க. பையன் வீடு கட்டிக்கட்டும். தோப்புக்கு ஓடைப் பக்கமா நடை இருக்குன்னு சொல்றாங்க. இதுதான் நாங்க கேக்குறது."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் ஷேக்கிடம் வருகிற வழியில் சொன்னாரா, ஷேக்கே யோசித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா ஒரு கணம் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் நான் ஜன்னலைத் தட்டியிருக்கலாம். ஆனால் ஜாஹாவின் நடுவில் சமையலறை ஜன்னலைத் தட்டிய பெண் யாரும் எங்கள் ஊரில் இல்லை.

"கொடுத்தாச்சுன்னு சொன்னேனே" என்றார் அப்பா. "குடிங்க."

ஷேக் குடித்தார்.

மறுநாள் காலை, தொழுகைக்காகக் கழுவும்போது நனையாமலிருக்க நான் அப்பாவின் கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஓடை வழியாவும் போகலாம்" என்றார். "உன் அம்மா காலத்துல கழுதையிலதான் போனோம்."

"அப்ப நம்மகிட்ட கழுதை இருந்துச்சு யாபா."

"ஒண்ணு வாங்கலாம்."

"தண்ணி லாரிய இழுக்குற கழுதையா வாங்குங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்த வருடம் தோப்பின் மேல்தட்டில் புதுக் கன்றுகள் வைத்திருந்தேன். முதல் கோடைகளில் ஆலிவ் கன்றுக்குத் தண்ணீர் லாரி வந்தே ஆக வேண்டும். வேர் ஆழம் போன பிறகுதான் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். ஓடை வழியோ ஆட்டுத்தடம். மழை பெய்தால் அதுவும் தண்ணீருக்குள்.

நாயிஃப் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிய வாரம் நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க அப்பா பேர் இதுல எங்கயும் இல்லையே."

"இல்ல."

"அப்புறம் அவர் எதைக் கொடுத்தார்? தன்கிட்ட இல்லாதத ஒருத்தர் கொடுக்க முடியாது. ஜாஹா இல்ல, ராஜாவே வந்து காப்பி குடிச்சாலும் முடியாது."

பிறகு பொறுமையாக விளக்கினார். வழி உரிமை உள்ளவர் தாமே சம்மதித்து, அந்த இடத்தில் கட்டடம் எழும்ப விட்டால் உரிமை செத்துவிடும். நாளைக்கு அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தாலும் திரும்பி வராது. வாயால் சம்மதிக்காமல், கண்ணெதிரே சுவர் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலும் அதையே சம்மதம் என்று வாதாடுவார்கள். அதனால் இப்போதே மனு போட்டு வேலையை நிறுத்த வேண்டும். நீதிபதி இடத்துக்கே வந்து பார்ப்பார். அப்பா அங்கே நின்று, என் இஷ்டத்துக்குப் பேசினேன், மகளைக் கேட்கவில்லை என்று சொன்னால் போதும்.

விஷயம் கேட்ட அண்ணன் போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ ஜெயிப்ப கிதாம். அது எனக்கும் தெரியும். அப்புறம் அப்பாவ யார் கூப்பிட்டு உக்கார வைப்பா? மக சொத்தத் தூக்கி ஊருக்குத் தானம் பண்ணவர்னு சொல்வாங்க."

"நான் என்ன சாப்பிடறதுன்னு நீ சொல்லு."

"ஸர்காவுக்கு வா."

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டியா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் தன் கட்டைச் சொறிந்தார்.

"போடு" என்றார். "நான் வந்து சொல்றேன். எனக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்றேன். இதுல என்ன இருக்கு, உண்மைதான?"

மனு போட்டேன். வேலை நிறுத்த உத்தரவு வந்தது. சுவர்கள் ஜன்னல் உயரத்தில் நின்றுபோயின. கொத்தனார்கள் பலகைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள். மாமி என்னைக் கடைவீதியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நீதிபதி வந்த அன்று காற்று பலமாக இருந்தது. எழுத்தர் ஒருவர், நில அளவையர் ஒருவர், வக்கீல், மாமா, நாயிஃப். ஷேக் மித்காலையும் சாட்சியாக அழைத்திருந்தார்கள். பக்கத்து வீடுகளின் ஆண்கள் ரோட்டோரம் நின்றார்கள். காரில் வரும்போது அப்பா சொல்ல வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடு அசைவது தெரிந்தது.

அளவையர் பத்திரத்தைப் பார்த்து நாடாவை விரித்து, பழைய வழியின் இரண்டு ஓரங்களையும் புதுச் சுவர்களின் மேலேயே சிவப்புச் சாயத்தால் குறித்தார். ஒரு கோடு சமையலறையாகப் போகிற இடத்தின் நடுவில் போனது. நீதிபதி அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றார். பார்த்த எவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அவர் நின்ற இடம் எங்கள் வழி.

மாமாவைக் கேட்டார். மாமா ஜாஹாவைச் சொன்னார். ஷேக்கைக் கேட்டார். ஷேக் நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்து, அப்பாவின் தோளைத் தொட்டபடி நீதிபதியைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் எத்தனையோ வீட்டுக் காப்பி குடிச்சிருக்கேன். கேக்குறதுக்கு முன்னாடியே கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான். இவர் சொல்லாலதான் இங்க ரெண்டு வீடு இன்னும் சலாம் சொல்லிக்குது."

அவர் அதை நல்ல மனதோடு சொன்னார்.

நீதிபதி அப்பாவிடம் கேட்டார். "ஹாஜி, தோப்பு உங்க மக பேர்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வழிய விட்டுக்கொடுத்தேன்னு சொன்னது உங்க சார்பாவா, மக சார்பாவா?"

வக்கீல் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எளிமையான கேள்வி. பதில் ஒரே சொல்.

அப்பா ரோட்டோரம் நின்றவர்களைப் பார்த்தார். தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"மகளக் கேட்டுத்தான் சொன்னேன்" என்றார். "ஜாஹா வர்றதுக்கு முந்தின நாளே கேட்டேன். அவ சரின்னா. நான் அடுத்தவங்க பொருளத் தூக்கிக் கொடுக்குற ஆள் இல்ல."

ஜாஹாவுக்கு முந்தின நாள் வழியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அது அவருக்கும் தெரியும், ஷேக்குக்கும் தெரிந்திருக்கும். நீதிபதி என்னிடம் திரும்பினார்.

"அம்மா, இது உண்மையா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அதிகம் இல்லை. இல்லை என்றால் வழி எனக்கு. அளவையரின் சிவப்புக் கோட்டில் சுவரை உடைப்பார்கள். அப்பா அந்தச் சுவர்களுக்கு நடுவில், ஊர் பார்க்க, நீதிபதி முன் பொய் சொன்னவராக நிற்பார். அவருக்கு இனி எத்தனை வருடம் இருக்கிறதோ, அத்தனை வருடமும் அங்கேயே நிற்பார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சில சமயம் நினைப்பேன்.

"கேட்டார்" என்றேன். "சரின்னேன்."

எழுத்தர் எழுதினார். வக்கீல் தன் பையை மூடினார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். நாங்கள் காரில் ஏறும்போது கொத்தனார்கள் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை பள்ளிவாசலில் அப்பாவுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்களாம்.

அந்தக் கோடையில் முதலில் இளங்கன்றுகள் போயின. ஓடை வழியாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து பார்த்தேன். ஏறி முடிப்பதற்குள் பாதி என் துணியில் இருக்கும். இலைகள் முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு உள்பக்கமாகச் சுருண்டன. அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை. மூட்டையை முதுகில் வைத்து ஓடையில் இறங்கக் கூலிக்காரர்கள் மறுத்தார்கள். நானே இறக்கியவை செக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது சூடேறியிருந்தன. செக்குக்காரன் கையை மூட்டைக்குள் விட்டு எடுத்து, "இத சோப்புக்குத்தான் எடுத்துக்க முடியும்மா" என்றான்.

வழி இல்லாத நிலத்துக்கு ஊரில் ஒரே ஒருவர்தான் வாங்குகிறவர். அதைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்ளக்கூடியவர். மாமா அவசரப்படவில்லை. நாயிஃபின் கல்யாணம் முடிந்து, அடுத்த மழையும் முடிந்த பிறகுதான் மாமியை அனுப்பினார். அவள் ஜாடியில் ஊறவைத்த கத்திரிக்காய் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அவர் கேக்கச் சொன்னார். நான் கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள். "வித்துடு கிதாம். காஞ்சு கிடக்குறதப் பாக்க முடியல."

அவள் போன பிறகு அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். எல்லாம் கேட்டிருந்தார். எனக்கு எதிரே தரைமெத்தையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தோப்பு உன்னுது" என்றார். "நீ என்ன சொல்ற?"

என் நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவர் என்னைக் கேட்டார். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். கேட்டார், சரின்னேன் என்று நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"நீங்க பாத்துச் செய்ங்க யாபா" என்றேன்.